ஓமா வந்தால் சேலம் பஸ்

மருத்துவச் சொற்களைப் பற்றிப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு மணி நேரம் பேசுங்கள் என்று கூப்பிட்டிருக்கிறீர்கள். பேசுகிறேன். ஆனால் உட்கார்ந்துதான் பேசுவேன். முழங்கால் சம்மதிப்பதில்லை. ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ். ஆஸ்டியோ என்றால் எலும்பு, ஆர்த்ரோ என்றால் மூட்டு, ஐட்டிஸ் என்றால் அழற்சி. பாருங்கள், எவ்வளவு அழகாகப் பிரித்துவிட்டேன். வலி மட்டும் அப்படியே இருக்கிறது.

உங்கள் பாடப்புத்தகத்தில் இந்த வேர்ச்சொற்களும் முன்னொட்டுகளும் பின்னொட்டுகளும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. அதை நான் திரும்ப ஒப்பிக்கப் போவதில்லை. மனப்பாடம் செய்துவிடுவீர்கள், நானும் செய்தேன். புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிறேன். ராத்திரி தூக்கமே சரியாக வருவதில்லை, மதியமாவது கொஞ்சம் படுக்க வேண்டும்.

நான் கள்ளக்குறிச்சிக்கு நர்ஸ் வேலைக்கு வந்தபோது அது மாவட்டமும் இல்லை, ஒன்றும் இல்லை. கல்வராயன் மலையிலிருந்து இறங்குகிறவர்கள், சின்னசேலம் பக்கத்துக் கரும்புக்காட்டில் கூலிக்குப் போகிறவர்கள் எல்லாருக்கும் நாங்கள்தான். மருத்துவமனையின் பெயர் வேண்டாம். பெண்கள் வார்டில் போட்டார்கள். அந்த வார்டு சிஸ்டருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் சொற்களைப் பிரிக்கிற வித்தையை அவர்தான் எனக்குக் கொடுத்தார். முதல் நாளே கோலிசிஸ்டெக்டமி என்ற சொல்லைப் பார்த்து நான் திருதிருவென்று விழித்தேன்.

"இன்னாத்துக்குடி மெரள்ற? வாலப் புடி. வாலு இன்னா பண்ணப் போறாங்கன்னு சொல்லும். தல எந்த எடம்னு சொல்லும். எக்டமின்னா வெட்டி எடுக்கறது. சிஸ்ட்னா பை. கோலின்னா பித்தம். அவ்ளோதான், பித்தப்பைய எடுக்கறாங்க. மூணு சின்ன வார்த்த ஒண்ணு சேந்துக்கினு ஒன்ன மெரட்டுது."

கறிக்கடையில் கோழியை மூட்டு மூட்டாகப் பிரிக்கிற மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. எந்தச் சொல்லைக் கேட்டாலும் வாலைப் பிடித்துத் தூக்கிப் பார்ப்பேன். ஒருநாள் மஞ்சள்காமாலைக்காரி ஒருத்தியைப் பார்த்துவிட்டு, 'ஹெபட் கல்லீரல், ஐட்டிஸ் அழற்சி, ஹெபடைட்டிஸ்' என்று சிஸ்டரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கல்லீரல் வீங்கிக்கினு இருக்குதுன்னு இங்கிலீஷ்ல சொல்லிட்ட. ஏன் வீங்குச்சி? பேர் வச்சிட்டா வேல முடிஞ்சிதா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அந்த அடி எனக்கு வேண்டியதுதான்.

இப்போது எங்கள் வார்டின் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். நோய் கெட்டதாக இருந்தால் நோயாளியிடம் சொல்வதில்லை. சொல்லக் கூடாது என்று வீட்டுக்காரர்களே வராந்தாவில் காலைப் பிடிப்பார்கள். அதனால் ரவுண்ட்ஸ் வருகிற டாக்டரம்மா கட்டிலின் கால்மாட்டில் நின்று எங்களிடம் ஆங்கிலத்தில் பெயரைச் சொல்வார். நாங்கள் தலையாட்டுவோம். படுத்திருக்கிறவள் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்ப்பாள். பிறகு நான் தமிழில், "சாதாரண கட்டிதான், பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவேன். எல்லா ஊரிலும் அப்படித்தான் நடந்தது. அதில் எங்களுக்கு வஞ்சகம் எதுவும் இல்லை. ஈரம் இருந்ததால்தான் அப்படிச் செய்தோம்.

ஆனால் படுத்துக் கிடக்கிறவர்களுக்குக் காது வேலை செய்யும் இல்லையா? ஒருநாள் குழாயடியில் எங்கள் வார்டுப் பெண்கள் பாத்திரம் கழுவியபடி ஒரு புதுக் கேஸுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அவங்க இன்னா பேசுனாலும் கடேசியில இன்னா வருதுன்னு மட்டும் கேட்டுக்கோ. 'டிஸ்'னு முடிஞ்சா மாத்திர குடுத்து அனுப்பிடுவாங்க. 'டமி'னு முடிஞ்சா கத்தி. 'ஓமா'னு முடிஞ்சா சேலம் பஸ்தான்."

சேலம் பஸ் என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது. போனவர்கள் பெரும்பாலும் நல்லபடியாகத் திரும்பியதில்லை. அன்றைக்கு நான் சிரித்துவிட்டேன். சிஸ்டரிடம் போய், "நம்ம பாடத்தையே நடத்துறாங்க, வாலைத்தான் புடிக்கிறாங்க" என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

இனி வருகிற இரண்டு பெண்களின் பெயரையும் மாற்றித்தான் சொல்கிறேன். அஞ்சலை வடக்கனந்தலைச் சேர்ந்தவர், கூலி வேலை, வளர்ந்த மகன்கள். வாய் ஓயாமல் பேசுவார். சின்னப்பொண்ணு மலையிலிருந்து வந்தவள், வெள்ளிமலைக்கு அப்பால் உள்ளே நடந்து போக வேண்டிய ஊர். மூன்று பிள்ளைகள். அதிகம் பேசமாட்டாள். இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். இருவருக்கும் உதிரப்போக்கு. மலைக்காரி வாய் திறந்து பேசியதே அஞ்சலையிடம்தான். ஒருத்தி சாப்பாட்டை இன்னொருத்தி வாங்கி வைப்பாள்.

அஞ்சலைக்கு வந்தது கார்சினோமா. கர்ப்பப்பை வாயில், முற்றிய நிலையில். கார்சின் என்ற வேருக்கு நண்டு என்று பொருள். பெயர் வைத்தவன் தெரிந்துதான் வைத்திருக்கிறான். மூத்த மகனை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னோம். குழாயடிக்குப் போய்த் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். பிறகு முகத்தைக் கழுவிவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அதுக்கு அல்பாயுசுல போன எங்கப்பா நெனப்பே இன்னும் போவல." நான் உள்ளே போய், "சாதாரண கட்டிதான், பயப்படாதீங்க. சேலத்துல கரண்ட் வச்சா கரைஞ்சிடும்" என்று சொன்னேன். கதிர்வீச்சு வைப்பதைத்தான் கரண்ட் வைப்பது என்போம். அஞ்சலை சந்தோஷமாக மூட்டை கட்டினார். பக்கத்துக் கட்டிலில் சின்னப்பொண்ணு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

அதற்கு மறுநாள் டாக்டரம்மா சின்னப்பொண்ணுவின் கால்மாட்டில் நின்றார். மயோமா என்றார். மயோ தசை, ஓமா கட்டி. கர்ப்பப்பைத் தசையில் வருகிற கட்டி, கெட்டது இல்லை. ஆனால் ரத்தம் போய்ப் போய் அவள் நகமெல்லாம் வெளுத்திருந்தது. கொஞ்சம் ரத்தம் ஏற்றி உடம்பைத் தேற்றி, பிறகு கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வாள். நல்ல சேதி. நானும் மனம் நிறைந்துதான் சொன்னேன், "சாதாரண கட்டிதான், பயப்படாதீங்க" என்று.

மறுநாள் காலை டூட்டிக்கு வந்தால் கட்டில் காலி. புருஷனையும் காணோம்.

சிஸ்டர் கொஞ்ச நேரம் அந்தக் கட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஓமா கேட்டுட்டா" என்றார். "இப்படியே உட்டா மலையிலயே ரத்தம் போயி செத்துடுவாடி. நீதான் அவகிட்டப் பேசுன. நீயே போயி இட்டுக்கினு வா."

லீவு நாளில் போனேன். பஸ்ஸில் ஏறி, வளைவுக்கு வளைவு வாந்தியை அடக்கிக்கொண்டு, வெள்ளிமலையில் இறங்கி, வழி கேட்டுக் கேட்டு நடந்தேன். மரவள்ளிக் காட்டை ஒட்டி அவள் வீடு. வாசலில் ஒரு பெண்பிள்ளை கிழங்கு உரித்துக்கொண்டிருந்தது. சின்னப்பொண்ணுவின் மூத்தவள். உண்டு உறைவிடப் பள்ளியில் படிப்பதாக அஞ்சலையிடம் சொல்லியிருந்தாளே, இங்கே என்ன செய்கிறது என்று புருஷனைக் கேட்டேன்.

"அவதான் இட்டுக்கினு வரச் சொன்னா நர்சம்மா. சின்னதுங்களுக்கு சோறாக்கிப் போட ஆள் வேணும்ல? அவ போய்ட்டா யார் ஆக்கறது?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

சின்னப்பொண்ணு கயிற்றுக் கட்டிலில் கிடந்தாள். முகம் வெள்ளைக் காகிதம். உட்காரச் சொன்னாள். திரும்பிப் போக பஸ் போய்விடும் என்ற அவசரத்தில் நான் நின்றுகொண்டே ஆரம்பித்தேன்.

"சின்னப்பொண்ணு, இது கெட்ட கட்டி இல்ல. சாதாரண கட்டிதான். பயப்படாத."

அவள் சிரித்தாள். சிரிப்பில்கூட ரத்தம் இல்லை. "இதத்தான் அஞ்சலக்காகிட்டயும் சொன்னீங்க. அதே வாயி, அதே வார்த்த. நான் பக்கத்துலதான படுத்துக்கினு இருந்தேன்? அவங்க புள்ள அழுததையும் பாத்தேன். அப்பறம் எனக்கும் அந்த ஓமாவே சொன்னாங்க. செத்துப்போற கட்டைக்கு இன்னாத்துக்கு ஆஸ்பத்திரி?"

நான் பாடம் நடத்த ஆரம்பித்தேன். இன்று நினைத்தால் எனக்கே எரிச்சலாக இருக்கிறது. மயோ என்றால் தசை, ஓமா என்றால் வெறும் கட்டிதான், எல்லா ஓமாவும் ஒன்றில்லை, கொழுப்புக்கட்டிகூட லிபோமாதான் என்று மூச்சு விடாமல் சொன்னேன். சிஸ்டர் சொல்லிக்கொடுத்த தலையும் வாலும் அத்தனையும் கொட்டினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் கண்ணைத் திறந்தாள்.

"அதெல்லாம் எனக்கு இன்னாத்துக்கு நர்சம்மா? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அஞ்சலக்காவுக்கு இன்னா?"

பிள்ளைகளே, இங்கே கொஞ்சம் நில்லுங்கள். உங்கள் புத்தகத்தில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. ஒரு நோயாளியின் நோயை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது. சரியான பதில். நானும் அதைப் படித்தவள்தான். அந்த மகன் என் கையைப் பிடித்திருந்த பிடி இன்னும் மணிக்கட்டில் இருந்தது. ஆனால் எதிரே ஒருத்தி உயிரை விட்டுக்கொண்டிருந்தாள். அஞ்சலைக்கும் சாதாரண கட்டிதான் என்று நான் சொன்னால், இவளுக்குச் சொன்னதும் பொய் என்று ஆகிவிடும். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு ஆறுதல் வாக்கியம். சாகப் போகிறவளுக்கும் அதையே சொன்னோம், பிழைக்கப் போகிறவளுக்கும் அதையே சொன்னோம். கடைசியில் உண்மையைச் சொல்ல எங்களிடம் வார்த்தையே மிச்சம் இல்லை.

வாசலில் அந்தப் பெண் உரிப்பதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அவங்களுக்குப் புத்து" என்றேன். "முத்திப்போச்சு. புள்ளைங்க கேட்டுக்கிட்டதால பொய் சொன்னோம். உனக்குப் புத்து இல்ல. ஆனா இப்படியே ரத்தம் போச்சுன்னா அவங்களுக்கு முன்னாடி நீ போய்டுவ."

சின்னப்பொண்ணு எழுந்து உட்கார்ந்தாள். நிம்மதியாக மூச்சு விடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளுக்கு வந்தது கோபம்.

"அப்போ அவங்ககிட்ட யாரு சொல்றது?"

அவள் புருஷனைப் பார்த்துத் துணியெடுத்துப் பையில் வைக்கச் சொன்னாள். பிறகு வாசல் பக்கம் திரும்பி, "ஏ புள்ள, கத்தியக் கீழ வை. நாளைக்கு நீ பள்ளிக்கூடத்துக்குக் கெளம்பு" என்றாள். அந்தக் குழந்தை கத்தியைப் போட்ட வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். அழுகை வந்துவிட்டது எனக்கு.

பஸ்ஸில் மலையிறங்கும்போது வழியெல்லாம் கெஞ்சினேன். "அஞ்சலம்மாவப் பாத்தா எதுவும் சொல்லிடாத தாயி. நான் சொன்னது உனக்காக." அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "சொல்றதா வேணாவான்னு நான் பாத்துக்கறேன்" என்றாள்.

அதன்பிறகு வார்டில் அவள் எங்களைப் படுத்திய பாடு இருக்கிறதே! ஏற்றுகிற ஒவ்வொரு ரத்தப் பாட்டிலுக்கும் கேள்வி. டாக்டரம்மா ஒரு பெயரைச் சொன்னால் அவர் நகர்வதற்குள் என் புடவையை இழுப்பாள். "இன்னா சொன்னாங்க? பிரிச்சி சொல்லுங்க." ஹிஸ்டெரெக்டமி. ஹிஸ்டெர் என்றால் கர்ப்பப்பை, எக்டமி என்றால் வெட்டி எடுப்பது. பிரித்துச் சொன்னேன். தலையாட்டினாள். "சரி, எடுங்க" என்றாள். நல்லபடியாக முடிந்தது. கொஞ்சம் கொஞ்சமாக நகத்தில் நிறம் வந்தது.

அவளை வீட்டுக்கு அனுப்பிய அன்று எனக்கும் டூட்டி முடிந்தது. என் வாடகை வீடு கச்சிராயபாளையத்தில், அதே மலை பஸ்தான். மூவரும் ஏறினோம். வடக்கனந்தலில் அவள் எழுந்துவிட்டாள். "அஞ்சலக்காவப் பாத்துட்டு அடுத்த பஸ்ல போலாம்" என்றாள். அஞ்சலை சேலத்திலிருந்து எப்போதோ திரும்பியிருந்தார். இனிமேல் வர வேண்டாம், வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன பொருள் என்று மகன்களுக்குத் தெரியும். அவருக்குச் சொல்லவில்லை. புருஷனை டீக்கடையில் உட்காரவைத்துவிட்டு இவள் நடக்க ஆரம்பித்தாள். ஏதாவது உளறிவிடப் போகிறாளே என்று நானும் பின்னாலேயே ஓடினேன்.

மகன்கள் கரும்பு வெட்டுக்குப் போயிருந்தார்கள். அஞ்சலை மட்டும் கட்டிலில் கிடந்தார். பாதி ஆளாக இளைத்திருந்தார், வாய் மட்டும் இளைக்கவில்லை.

"அடியே! இன்னாடி இப்படி செவந்து வந்துக்கிற! நடந்தா வந்த? பஸ் ஸ்டாப்லேந்து நடந்தா வந்த?" என்று சின்னப்பொண்ணுவின் கன்னத்தைத் தடவினார். "ஒனக்குக் கடேசியில இன்னான்னு சொன்னாங்க?"

"ஓமாதான்க்கா."

"பாத்தியா!" அஞ்சலையின் முகம் அப்படியே மலர்ந்தது. "எனக்கும் அதானடி! ஒனக்கும் ஓமா, எனக்கும் ஓமா. நீ எழுந்து நடந்து வந்துட்ட. எனக்கு அந்தக் கரண்டு ஒத்துக்கல, அதான் கொஞ்சம் ஜாஸ்தியா படுத்துது. கரும்பு வெட்டு முடியறதுக்குள்ள நானும் எழுந்துருவேன் பாரு."

சின்னப்பொண்ணு என்னைத் திரும்பிப் பார்த்தாள். மலையில் என்னைக் கேள்வி கேட்ட அதே கண். சொல்லிவிடுவாள் என்றே நினைத்தேன். அவள் அஞ்சலையின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஆமாக்கா. எழுந்துருவீங்க. சாதாரண கட்டிதான, பயப்படாதீங்க" என்றாள்.

என் வாக்கியம். ஒரு எழுத்து மாறவில்லை.

பஸ் ஸ்டாப்புக்குத் திரும்பும்போது அவள் முன்னால் நடந்தாள். டீக்கடைக்குப் பக்கத்தில் வந்ததும் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "என்னால முடியல நர்சம்மா. மலையில ஒங்கள அந்தக் கேள்வி கேட்டேன். அந்த மொகத்தப் பாத்ததும் வாய் வரல. அவங்க இன்னும் கரும்பு வெட்டப் போறதப் பத்தி நெனச்சிக்கினு இருக்காங்க." மூக்கை உறிஞ்சினாள். "நான் சொன்னா அது கட்டிலுக்குக் கட்டில் பேசற பேச்சு. நீங்க சொல்லணும்."

பஸ் வந்தது. அவள் புருஷன் பையைத் தூக்கிக்கொண்டு முதலில் ஏறினான். அவளைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டேன். நானும் ஏற வேண்டிய பஸ். ஏறவில்லை. அவள் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துக்கொண்டே போனாள்.

அஞ்சலை வீட்டுக்குத் திரும்பி நடந்தேன். மகன்களிடம் கேட்கவில்லை, சிஸ்டரிடம் கேட்கவில்லை. என்ன சொல்வது என்றும் யோசித்து வைக்கவில்லை. கால் மட்டும் வலித்தது. அப்போதே மூட்டுவலி ஆரம்பித்துவிட்டதோ என்னவோ.

"இன்னாம்மா, எதுனா மறந்துட்டியா?" என்றார் அஞ்சலை.

பழக்கதோஷம், கட்டிலின் கால்மாட்டில் போய் நின்றேன். "அஞ்சலம்மா, சின்னப்பொண்ணுக்கு வந்தது வேற. உங்களுக்கு வந்திருக்கறது வேற" என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

வாசலில் கோழி ஒன்று எதையோ கிளறிக்கொண்டிருந்தது, அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கதவுப் பக்கம் ஒரு அடி நகர்ந்திருப்பேன் போல. அஞ்சலை சிரமப்பட்டுத் தன் காலை இழுத்து மடக்கி, கட்டிலில் எனக்கு இடம் விட்டார்.

"நின்னுக்கினே சொல்லிட்டு ஓடிடாத. இப்படி உக்காரும்மா."

உட்கார்ந்தேன்.

"இப்ப சொல்லு" என்றார். "மொதல்லேந்து சொல்லு."